அம்மா தூக்கிய கால்

தம்பி பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, என் ஏழாவது வயதில், நான் என் அம்மாவை உளவு பார்த்தேன். வேலையைக் கொடுத்தவள் அப்பாவின் அக்கா. கிணத்துக்கடவு வீட்டில் கீழ் அறை அத்தையுடையது, நாங்கள் மாடியில். இடுப்பு வலியில் படியேற முடியவில்லை, பிரசவம் வரை கீழே படுத்துக்கொள்கிறேன் என்று அம்மா கேட்டிருந்தாள். அத்தைக்கு அது வலியாகத் தெரியவில்லை, அறையைப் பிடிக்கும் வழியாகத் தெரிந்தது.

“ஏங்கண்ணு, ஆருமில்லாதப்பவும் உங்கம்மா இப்படித்தான் நடக்குறாளா?” என்று கேட்பாள். கேட்டுவிட்டுத் தேங்காய் பர்பி தருவாள். நான் பர்பிக்கு விசுவாசமாக இருந்தேன். வரப்போகும் குழந்தை மீதும் எனக்கு நல்லெண்ணம் கிடையாது.

பார்க்கப் பார்க்கச் சந்தேகம் வலுத்தது. நின்று குழம்பு கிளறும்போது அம்மா முனகுவதில்லை. படுக்கையில் புரளும்போது மட்டும் முனகினாள். பாவாடை மாற்ற ஒற்றைக் காலில் நிற்க வேண்டுமென்றால் கட்டிலில் உட்கார்ந்துவிடுவாள். நிஜமான வலி இப்படி நேரம் பார்த்தா வரும்?

ஒருநாள் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு அம்மாவோடு நான் மட்டும் போனேன். டாக்டரம்மா அம்மாவைப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலைத் தூக்கச் சொன்னார். முகமெல்லாம் வியர்த்தும் கால் எழவில்லை. பிறகு அவரே அம்மாவின் இடுப்பில் இரண்டு பக்கமும் கை வைத்து அழுத்தி, “இப்பத் தூக்குங்க” என்றார். கால் சட்டென்று மேலே போனது. மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

டாக்டரம்மா ஒரு பிளாஸ்டிக் இடுப்பெலும்பை எடுத்துக் காட்டினார். “பின்னால ரெண்டு மூட்டு, முன்னால ஒண்ணு. உடம்புப் பாரம் இதுவழியாத்தான் காலுக்கு எறங்குதுங்க. கொழந்தைக்கு வழி உடறதுக்கு மூணும் தளர்ந்திருக்குது. நான் அழுத்திப் புடிச்சதாலதான் கால் மேல வந்துச்சு. படியேறாம இருங்க.” நான் சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் ஓடினேன். “அம்மா காலை நல்லாத் தூக்குனாங்க அத்தை, நான் பாத்தேன்.” டாக்டரம்மாவின் கைகளைப் பற்றிச் சொல்லவில்லை. மறைக்க நினைக்கவில்லை, அது ஒரு விஷயமாகவே எனக்குப் படவில்லை. அன்று இரண்டு பர்பி கிடைத்தது.

சாயங்காலம் அப்பா வந்ததும், டாக்டர் சொன்னதை அம்மா சொல்லத் தொடங்கினாள். “புள்ளையே பாத்துருக்குது, கேளு” என்றாள் அத்தை. அப்பா என்னைக் கேட்டார். தலையாட்டினேன். அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். கீழ் அறைப் பேச்சு அத்தோடு முடிந்தது.

அம்மா பக்கவாட்டாகத் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து மாடி ஏறினாள். நான் பின்னாலேயே போனேன், உளவுக்குத்தான். நாலாவது படியில் நின்று, “கண்ணு, டாக்டரம்மா மாதிரி ரெண்டு பக்கமும் அமுக்கிப் புடிக்கிறியா?” என்றாள். எட்டிய மட்டும் பிடித்தேன். கொஞ்சம் சுலபமாக ஏறினாள். ஏற முடிகிறதே, பின் எதற்கு இந்த நடிப்பு என்று எனக்கு எரிச்சல் வந்தது. கை வலிக்கிறது என்று பாதியில் விட்டுவிட்டேன். மீதிப் படிகளை அவள் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு ஏறினாள்.

காட்டிக்கொடுத்தது நான்தான் என்று தெரிந்தும் என்னைத்தான் பிடிக்கச் சொன்னாள். அந்த வீட்டில் அவள் வேறு யாரைக் கேட்டிருக்க முடியும் என்பது அன்று எனக்குப் புரியவில்லை.