என் மாவுப் பானையில் நடந்த கூர்ப்பு

நான் கட்டியவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் பெருமையடிப்பதாக நினைப்பீர்கள். மலைநாட்டு நானுஓயா ரயில் ஸ்டேஷனுக்கு மேலே, ஆடு நிற்கவே யோசிக்கும் சரிவில் ஒரு கடை கட்டினேன். முதல் மழைக்கே பள்ளத்துக்குப் போய்விடும் என்று சொன்னவர்கள் இன்றைக்கு அதே கடையில் காலை நீட்டி உட்கார்ந்து பிளேன்டீ குடிக்கிறார்கள். மலை ஊற்றிலிருந்து குழாய் இழுத்துத் தண்ணீர் கொண்டுவந்தேன். இரண்டு மகள்களைக் கட்டிக்கொடுத்தேன். ஒரு மருமகனைத் திருத்திவிட்டேன், மற்றவனைத் திருத்தும் வேலை நடக்கிறது. திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் லயத்துக் காம்பராவில், வரிசை வீட்டின் ஒற்றை அறையில் பிறந்து, மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு இவ்வளவும் செய்தேன். அந்த மூன்றாம் வகுப்பிலும் பாதி நாள் வாத்தியார் வரவில்லை.

ஆனால் இவையெல்லாம் முயன்றால் யாரும் செய்யக்கூடியவை. யாராலும் முடியாத ஒன்றும் செய்தேன். நானுஓயாக் குளிரில் ஆப்பமாவைப் புளிக்க வைத்தேன்.

சிரிக்க வேண்டாம். கீழ்நாட்டில் இரவு கரைத்து வைத்தால் மாவு காலையில் பானையைத் தாண்டி வெளியே வந்து நிற்கும். இங்கே அது எப்படிப் படுத்ததோ அப்படியே கிடக்கும். ஊரே ஒரு ஃபிரிஜ். மற்றக் கடைக்காரர்கள் பாக்கெட் ஈஸ்ட் போட்டார்கள், இல்லாவிட்டால் கீழேயிருந்து பஸ்ஸில் கள்ளு வரவழைத்தார்கள். அந்தக் கள்ளு மேலே வந்து சேர்வதற்குள் போத்தல் பாதியாகும், கண்டக்டர் இரண்டு மடங்கு உற்சாகமாவார். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கோயில், விரதம் என்று இருப்பவர்கள். அவர்களுக்குக் கள்ளு ஊற்றிய ஆப்பம் கொடுக்க முடியாது.

கொத்மலையில் என் அக்கா ஒருத்தி இருந்தாள். அங்கே சூடு அதிகம். அவள் வீட்டில் புளித்த மாவை ஒரு டின்னில் வாங்கி, ஸ்வெட்டருக்குள் வைத்து, கைக்குழந்தைபோலப் பஸ்ஸில் கொண்டுவந்தேன். நான்கு பானையில் பிரித்தேன். ஒன்று அடுப்படியில், ஒன்று கோழிக்கூட்டுக்கு மேலே, ஒன்று குளிக்கத் தண்ணீர் காய்ச்சும் இடத்தில். நான்காவதை, கொழுந்து எடுக்கும் பெண்கள் மழைக்குப் போர்த்திக்கொள்ளும் கம்பளியில் சுற்றி மூலையில் வைத்தேன். காலையில் எது அதிகமாகப் பொங்கியிருக்கிறதோ அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து மறுநாள் மாவு எல்லாவற்றுக்கும் கலந்தேன். பொங்காததைத் தோசையாக்கி வீட்டில் தின்றோம். வருசக்கணக்கில் இதே வேலை. கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பளியை எடுத்தேன், அடுப்பை விட்டுத் தள்ளி வைத்தேன். இப்போது கடைப் பின்பக்கத்துப் பலகையில், பனி விழுகிற மாதத்திலும், போர்வையில்லாமல் பொங்குகிறது. இரவில் எழுந்து பானைகளைப் பார்த்தது தான்தான் என்று என் மனைவி சொல்வாள். அதை அவள் தனியாக எழுதிக்கொள்ளட்டும்.

இது ஏன் நடந்தது என்று எனக்குச் சொன்னவர் ஒரு சயன்ஸ் டீச்சர். தோட்டத்துப் பிள்ளைதான், வேதக்காரர், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போவார். மற்ற நாள் காலையில் வேன் வரும்வரை என் கடையில் ஆப்பம் சாப்பிடுவார். நான் சும்மா விடமாட்டேன். படிக்காத கேள்வியெல்லாம் எனக்குள் அடைந்து கிடந்ததே!

"டீச்சர், கொரங்குலருந்துதான் மனுசன் வந்தான்னா, மிச்சக் கொரங்கெல்லாம் ஏன் வரல்ல?"

"நாம கொரங்குலருந்து வரல்ல மொதலாளி. நமக்கும் அதுக்கும் ரொம்பக் காலத்துக்கு முந்தி ஒரே பாட்டன்."

"என் பாட்டன் திருச்சிப் பக்கம்."

"அதுக்கும் முந்தி."

"அதுக்கும் முந்தி ராமநாதபுரம்."

டீச்சர் ஆப்பத்தைத் தட்டில் வைத்துவிட்டுச் சிரிப்பார். அண்டம் விரிந்துகொண்டே போகிறது என்றார் ஒரு நாள். அப்படியானால் ஹட்டன் பஸ்ஸில் மட்டும் ஏன் இன்னமும் இடமில்லை என்று கேட்டேன்.

மாவு விசயத்தை மட்டும் தெளிவாகச் சொன்னார். மாவுக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் இருக்கின்றன. குளிர் தாங்காதவை செத்தன. தாங்கியவை பெருகின. அவற்றின் பிள்ளைகளிலும் இன்னும் நன்றாகத் தாங்கியவை இன்னும் பெருகின. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்குக் கூர்ப்பு என்று பெயராம். "சோதிச்சுப் பாக்காம உறுதியாச் சொல்ல ஏலாது, ஆனா அப்படித்தான் இருக்கணும்" என்றார். சோதிக்காமலா? இத்தனை வருசமாக நான் வேறென்ன செய்துகொண்டிருந்தேன்?

அன்றிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொன்னேன். "இது வெறும் மாவில்ல, உசிரு. கோடிக்கணக்குல உசிரு!" வேறு எந்தக் கடைக்காரனால் இப்படிச் சொல்ல முடியும்?

அந்தக் கார்த்திகையில் பஜாரில் பாதிப்பேர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார்கள். கறுப்பு வேட்டி, செருப்பில்லாத கால், ஒருவரை ஒருவர் சாமி என்று கூப்பிடுவது. மச்சம் மாமிசம் கிடையாது. விரதக்காரர்களுக்கு என் ஆப்பம்தான் காலைச் சாப்பாடு. ஒரு காலையில் புதிதாக மாலை போட்ட இளம் சாமி ஒருவர் ஆப்பத்தைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்: "சாமி, இதுல கள்ளு கலந்திருக்கா?"

"கள்ளா? என் கடையிலயா? இதுல இருக்கிறது அம்புட்டும் உசிரு, சாமி! வேணுமின்னா டீச்சரைக் கேளுங்க."

டீச்சர் பக்கத்து மேசையில் இருந்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "ஆமா, உயிர் இருக்கு" என்றார்.

சாமியின் கையிலிருந்த ஆப்பம் தட்டில் விழுந்தது.

பகல் கோச்சி ஸ்டேஷனுக்கு வருவதற்குள் செய்தி பஜார் முழுக்கப் போய்விட்டது. ஆப்பக்கடைக்காரன் விரதக்காரர்களுக்கு உயிரைச் சுட்டுக் கொடுக்கிறான்! மறுநாள் காலையில் கடையில் ஒரு கறுப்பு வேட்டிகூட இல்லை. அவர்களைப் பார்த்து மற்றவர்களும் ரொட்டிக் கடைக்கு நகர்ந்தார்கள்.

வியாபாரம் போனது எனக்குப் பெரிதில்லை. கடலைக்கறி விற்றுப் பிழைத்துக்கொள்வேன். ஆபத்து பானைக்கு. விற்காத மாவை எத்தனை நாள் வீட்டில் தின்பது? மாவைக் குறைத்தேன். ஒரு பெரிய பானை நிறைய இருந்தால் அது தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும். அடியில் கொஞ்சம் மட்டும் கிடந்தால் விடியுமுன் கல்லாகக் குளிர்ந்துவிடும். மாவைக் குறைத்த சில நாளிலேயே வாடை மாறியது. நல்ல புளிப்பு போய், நனைந்த சாக்கு வாடை வந்தது. கம்பளியை மறுபடி எடுத்துச் சுற்றினேன். பலன் இல்லை. கொத்மலை அக்கா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். இந்தப் பானை செத்தால் இன்னொன்று எங்கேயும் கிடையாது. மறுபடி நான்கு பானை வைத்து வருசக்கணக்கில் காத்திருக்க எனக்கு வயதும் இல்லை.

"உசிரு உசிருன்னு ஊரெல்லாம் கத்துனீங்க. இப்ப அந்த உசிருதான் போகப்போகுது" என்றாள் என் மனைவி.

மாலை போட்டவர்களுக்கெல்லாம் தலைவர் ஒரு குருசாமி. மரக்கறி லொறி ஓட்டுகிறவர். ஐயப்பன் மலைக்குப் பல தடவை போய்வந்தவர், அவர் சொல்வதுதான் அவர்களுக்குச் சட்டம். அவரிடம் போய், கடைக்கு வந்து தீர்ப்புச் சொல்லும்படி கேட்டேன். டீச்சரையும் கூப்பிட்டேன். பானையைக் கொண்டுவந்து நடு மேசையில் வைத்தேன். கடை நிறையச் சாமிகள். யாரும் எதுவும் சாப்பிடவில்லை.

குருசாமி நேராக விசயத்துக்கு வந்தார். "டீச்சர், இது மரஞ்செடி இனமா, மிருக இனமா? ஒத்த வார்த்தையில சொல்லுங்க."

"ரெண்டுமில்ல சாமி. இது பங்கசு. காளான் இனம்."

காளான் என்றதும் பின்னாலிருந்த இரண்டு சாமிகள் முகத்தைச் சுளித்தார்கள். எங்கள் பக்கத்தில் காளான் தொடாத விரதக்காரர்கள் நிறைய. நான் டீச்சருக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் பாடம் நடத்தும் வேகத்தில் இருந்தார்.

"சொல்லப்போனா செடி கொடியை விட மிருகத்துக்கும் நமக்கும்தான் இது கிட்டத்துச் சொந்தம்."

"நம்ம சொந்தக்காரனையா இவரு சட்டியில ஊத்திச் சுடுறாரு?" என்றார் ஒரு சாமி.

"டீச்சர், நீங்க எந்தப் பக்கம்?" என்று நான் கத்தினேன்.

"நான் பாடத்துப் பக்கம், மொதலாளி."

இனி டீச்சரை நம்பிப் பயனில்லை என்று நானே இறங்கினேன். "சரி, ஆப்பம் வேணாம். ராத்திரி பஜனை முடிஞ்சி என்னா சாப்பிடுறீங்க, சாமி?"

"தோசை, இட்லி."

"மாவு புளிச்சதா, புளிக்காததா?"

குருசாமி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தலையாட்டினார். அதிலும் உயிர்தான்.

"தயிர்?"

அதற்கும் தலையாட்டினார்.

"இப்ப திங்கிறீங்களே, அந்த ரொட்டிக் கடைப் பாண்?"

"அதுல ஈஸ்ட் போடுறாங்க. வெந்ததும் செத்துரும். ஆப்பத்துலயும் அப்பிடித்தான்."

"அப்ப கொன்னுட்டுத் தின்றோமா?" என்று இளம் சாமி அலறினார்.

"பொறுங்க சாமி" என்றேன். "கோயில் பஞ்சாமிர்தம்? முந்தின நாளு பெசஞ்சி வச்சி, மூடியத் தொறந்தா 'புஸ்'ஸுன்னு வருமே?"

டீச்சர் இந்தத் தடவை தலையாட்டவில்லை, கூரையைப் பார்த்தார். அதுவே போதுமானதாக இருந்தது. குருசாமியின் முகத்தில் வேர்த்தது. நானுஓயா மார்கழியில் ஒரு மனிதனுக்கு வேர்த்து நான் பார்த்தது அன்றுதான். மகரஜோதி வரை வெறும் அவித்த கிழங்கு என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கூப்பிட்டா திரும்புற உசிரைத்தான் விரதக்காரன் தொடக்கூடாது. ஆடு திரும்பும், கோழி திரும்பும்."

"மீன் திரும்புமா, சாமி?" என்றார் டீச்சர்.

"கல்லைப் போட்டா திரும்பும்."

"முட்டை?"

"முட்டை பொறவு திரும்பும்."

பிரமாதம் என்று எனக்குப் பட்டது. இதை இப்போதே நிரூபித்துவிடலாம் என்று பானை மேல் குனிந்து பலமாகக் கூப்பிட்டேன். "ஏய்!"

பானை "ப்ளக்" என்றது.

பெரிய குமிழி ஒன்று மேலே வந்து உடைந்தது. முன்வரிசைச் சாமிகள் எழுந்து நின்றார்கள். "சாமியே சரணம்!" என்றது ஒரு குரல். என் மனைவி தலையில் கை வைத்தாள். தீர்ப்பு கெட்டது, ஆனாலும் எனக்குச் சந்தோசம். சாகக் கிடந்த பானை இன்னும் மூச்சுவிடுகிறது!

"அது காபனீரொட்சைட்டு வாயு. தற்செயலா வந்திருச்சி. ஒருக்கா நடந்தா அது ஆதாரமில்ல. திரும்பத் திரும்பக் கூப்பிட்டு, அப்பவும் நடந்தாத்தான் ஆதாரம்" என்றார் டீச்சர்.

"நீங்க கூப்பிட வேணாம், மொதலாளி. அதுக்கு ஒங்க கொரல் பழக்கம்" என்று குருசாமி எழுந்தார். மலை ஏறும்போது சரணம் விளிக்கும் குரலை எடுத்துக்கொண்டு பானைக்குள் கூப்பிட்டார். பானை சும்மா இருந்தது. மறுபடி கூப்பிட்டார். இளம் சாமியும் கூப்பிட்டார். கடையிலிருந்த ஒவ்வொருவரும் வரிசையாக வந்து பானைக்குள் குனிந்து மரியாதையாகவும் மரியாதையில்லாமலும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். வெளியே போன ஒரு சிங்கள ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, காரணம் கேட்காமல், தானும் ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுப் போனார். பானை ஒருவருக்கும் திரும்பவில்லை.

"சைவம்" என்றார் குருசாமி. "ரெண்டு ஆப்பம் போடுங்க."

அன்று மாலையே பெரிய பானையை எடுத்தோம். மறுநாள் முழு அளவு மாவு கரைத்தோம். சாக்கு வாடை விலகி, பழைய புளிப்பு மெதுவாகத் திரும்பியது. தை பிறப்பதற்குள் மாவு பானையைத் தாண்டி நின்றது. பானை பிழைத்துக்கொண்டது.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். டீச்சர் என்னிடம் ஒரு போத்தல் மாவு வாங்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட விஞ்ஞான நாளில் வைத்தார். பார்க்கப் போனேன். கோட் போட்டுக்கொண்டுதான் போனேன். போத்தலுக்குப் பக்கத்தில் அழகான எழுத்தில் ஓர் அட்டை. குளிருக்கு இசைவாக்கமடைந்த ஆப்பமாவு, கூர்ப்புக்கு உதாரணம், காரணம் இயற்கைத் தேர்வு. அவ்வளவுதான்.

இயற்கையா? எந்த இயற்கை? நானுஓயா இயற்கை அந்த மாவை ஒவ்வொரு நாளும் கொல்லப் பார்த்தது. நான்கு பானையில் எது பொங்கியது என்று குனிந்து பார்த்ததும், கரண்டியை எடுத்ததும் இயற்கையா? சாமிகளைக் கூட்டிவைத்துப் பஞ்சாமிர்தத்தை இழுத்துப் பேசிப் பானையைக் காப்பாற்றியதும் இயற்கையா?

டீச்சரிடமே கேட்டேன். அவர் அட்டையை மறுபடி படித்துவிட்டு, "நீங்க சொல்றது சரிதான். மனுசன் தெரிஞ்செடுத்தா அது செயற்கைத் தேர்வு" என்றார்.

"செயற்கைன்னு போட்டா மிசின் செஞ்சதுன்னு நெனைப்பாங்க, டீச்சர். ஆள் யாருன்னு போடுங்க."

"புத்தகத்துல ஆள் பேரு போடுறதில்ல, மொதலாளி."

அது புத்தகத்தின் குறை. அட்டைக்கு அந்தக் குறை இருக்கவேண்டியதில்லை. குருசாமியின் தீர்ப்பை இன்றைக்கும் பஜாரில் அவர் பேரால்தான் சொல்கிறார்கள், அதை விட்டுவிடுகிறேன். வாயுவை டீச்சர் வைத்துக்கொள்ளட்டும். தெரிந்தெடுத்தது நான். அடுத்த விஞ்ஞான நாளில் அந்தப் போத்தல் வைக்கப்படுமானால், இயற்கை என்ற சொல்லை அடித்துவிட்டு, "தேர்வு: நானுஓயா ஸ்டேஷனுக்கு மேலேயுள்ள ஆப்பக்கடைக்காரர்" என்று பெரிய எழுத்தில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் மாவு தரமாட்டேன்.