சின்னதா ரெண்டு தறிங்க

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதம் சென்னையில் நடந்தது இது. அமெரிக்காவில் தன் மகன் வீட்டில் இருந்த என் அக்காவைப் பார்ப்பதற்காக, நானும் என் வீட்டுக்காரரும் இரண்டாவது முறையாக விசா நேர்காணலுக்குப் போயிருந்தோம். முதல் முறை மறுத்துவிட்டார்கள்.

மறுத்ததற்குக் காரணம் என் வீட்டுக்காரரின் வாய்தான். அவிநாசி பக்கம் எங்களுக்கு இருபது விசைத்தறி ஓடுகிறது, தென்னந்தோப்பும் உண்டு. ஆனால் யார் கேட்டாலும், "ஏதோ சின்னதா ரெண்டு தறி ஓட்டிப் பொழைக்கறமுங்க" என்பார். எங்கள் பக்கம் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். இருப்பதைச் சொன்னால் பீற்றிக்கொள்வதாகிவிடும். விசா அதிகாரியிடமும் அதையே சொன்னார். எதற்குப் போகிறீர்கள் என்றதற்கு, "சும்மா பாத்துப்போட்டு வரலாமுன்னுதானுங்க" என்றார். இரண்டு தறி வைத்திருப்பவர் சும்மா பார்க்க அவ்வளவு தூரம் போவாரா? போனால் திரும்பி வருவாரா? அந்த இடத்தில் நான் இருந்தாலும் மறுத்திருப்பேன்.

அக்காவுக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷன் முடிந்து மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருத்திதான். விசா கிடைக்கவில்லை என்று போனில் சொன்னபோது, "அதனாலென்ன கண்ணு, எனக்குக் கொஞ்சம் வலிதான். மெதுவா வாங்க" என்றாள். நானும் நம்பினேன். ஆனால் மணிக்கணக்கில் பேசுகிறவள் வரவர இரண்டு வார்த்தையோடு போனை வைக்க ஆரம்பித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. திரும்பவும் விண்ணப்பித்தோம்.

எங்களுக்கு விசா விண்ணப்பம் எழுதிக் கொடுத்த காந்திபுரத்து டிராவல்ஸ்காரர், "ஏனுங்க, இந்தத் தடவை இருக்கறதை இருக்கறபடி சொல்லிப்போடுங்க" என்று இவரிடம் கறாராகச் சொல்லி அனுப்பினார். வீட்டில் தினமும் ஒத்திகை நடந்தது. "இருபது தறி" என்று சொல்வதற்குள் இவருக்கு வியர்த்துவிடும். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு கூச்சப்படவில்லை.

இந்த முறை கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண். பாடப்புத்தகத் தமிழில் பேசினார். உடம்பு முடியாத அக்காவைப் பார்க்கப் போகிறோம், இருபது தறி ஓடுகிறது என்று இவர் தலையைக் குனிந்தபடி எப்படியோ சொல்லிவிட்டார். அந்தப் பெண் கணினியைப் பார்த்தார்.

"சென்ற முறை இரண்டு தறி என்றீர்கள். இப்போது இருபது. எது உண்மை?"

இதை நாங்கள் ஒத்திகை பார்க்கவே இல்லை. இவர் என்னைப் பார்த்தார். இனி எதைச் சொன்னாலும் பொய்யாகத்தான் தெரியும். அக்காவை இனிப் பார்க்கவே முடியாதோ என்ற பயத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது.

"இவரு எப்பவுமே இப்படித்தானுங்க. நேத்து லாட்ஜுல கேட்டதுக்கும் ரெண்டு தறின்னுதான் சொன்னாரு. எங்கப்பாகிட்டயும் அப்படியேதானுங்க சொன்னாரு. அவரு நேர்ல வந்து எண்ணிப் பாத்துப்போட்டுத்தான் பொண்ணு குடுத்தாரு" என்றேன்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "உங்கள் அக்கா எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார்.

"கொஞ்சம் வலிதான்னு சொல்றாங்க."

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, "உங்கள் அக்காவும் அதே ஊர்தானே?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன். அக்கா சொன்ன அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அடுத்து அவர் கேட்ட ஒன்றிரண்டு கேள்விகளுக்கு இவர்தான் பதில் சொன்னார். விசா கொடுத்துவிட்டார்கள் என்பதே வெளியே வந்து இவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

போனோம். கதவைத் திறந்தபோது அக்கா பாதியாகியிருந்தாள். "எதுக்கு இவ்வளவு தூரம், நான் நல்லாத்தானே இருக்கறேன்" என்றாள். இருக்க முடிந்தவரை கூடவே இருந்து, கால் பிடித்துவிட்டேன், ரசம் வைத்துக் கொடுத்தேன். நாங்கள் ஊர் திரும்பிய பிறகு, மார்கழியில் அவள் போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர் இன்றும் எல்லோரிடமும் ரெண்டு தறிதான் ஓட்டுகிறார். அதை நான் திருத்துவதில்லை. ஆனால் எங்கள் பக்கத்து ஆள் யாராவது போனில் "கொஞ்சம் வலிதான்" என்றால் மட்டும், அது எவ்வளவு வலி என்று தெரிந்துகொள்ளாமல் நான் போனை வைப்பதில்லை.