உப்புப் பார்க்க ஆளில்லாத வீடு

நோன்பு காலத்தில் சமைக்கிறவளுக்கு உப்புப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். எங்கள் வீடுகளில் அதற்குப் பஞ்சமே இருந்ததில்லை. நோன்பு பிடிக்கிற வயது வராத பிள்ளை, வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள், மாதத் தடங்கலில் இருப்பவள் என்று யாராவது ஒருத்தி அடுப்படியில் நிற்பாள். ஒரு துண்டை வாயில் போட்டு, "சரி" என்றோ "காணாது" என்றோ தீர்ப்புச் சொல்வாள். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், நோன்பு முறியாது என்று பள்ளிவாசலில் பயான் செய்த மவுலவி சொன்னாராம். அவர் அடுப்படியில் வந்து நின்று பார்க்கட்டும். விடியலில் இருந்து காய்ந்து கிடக்கிற நாக்கில் பொரித்த வெங்காயத்தை வைத்துவிட்டுத் துப்புகிற அளவுக்கு எனக்கு மனத்திடம் இல்லை.

இப்போது வீட்டில் நான் ஒருத்திதான். மகள் குருநாகலில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மகன் கட்டாரில். கணவர் மன்னாரில்.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் ஆட்கள் என் முகத்தை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். சண்டை பிடித்துக்கொண்டு போனவர் இல்லை. மன்னார்தான் எங்கள் ஊர். தொண்ணூறில் யுத்தத்தில் முஸ்லிம்கள் எல்லோரும் அங்கிருந்து விரட்டப்பட்டபோது, கைப்பிள்ளையோடு வள்ளம் ஏறி இந்தக் கற்பிட்டிப் பக்கம் வந்து இறங்கினோம். அகதி முகாமில் ஓலைக் கொட்டிலில் தொடங்கி, எத்தாளையில் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு நின்று, இந்தக் கல்வீட்டை எழுப்பினோம். யுத்தம் முடிந்ததும் அவரை ஊர் ஞாபகம் பிடித்துக்கொண்டது. காணியில் காடு ஏறிக் கிடக்கிறது, வெட்டாவிட்டால் எல்லையே தெரியாமல் போய்விடும் என்றார். என்னையும் வரச் சொன்னார். இன்னொரு தடவை கொட்டிலில் இருந்து தொடங்க என்னால் ஆகாது என்றேன். காடு வெட்டிக் களைத்தால் மனுசன் தானாகத் திரும்பி வந்துவிடுவார் என்று நம்பியிருந்தேன்.

முதலில் வெள்ளிக்கு வெள்ளி வந்தார். பிறகு மாதத்துக்கு ஒருமுறை. அதற்குப் பிறகு, வருவதாக இருந்தால் முன்கூட்டியே போன் எடுத்துச் சொல்லத் தொடங்கினார். தன் வீட்டுக்கு வர யாராவது சொல்லிவிட்டு வருவார்களா?

போன நோன்பிலும் ஒரு நாள் காலையில் அப்படித்தான் போன் வந்தது. "இண்டைக்கு நோன்பு திறக்க அங்க வாறன்" என்றார். பெருநாள் வரைக்கும் நிற்பீர்களா என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. கேட்டு நிற்பாட்டுவதில் என்ன இருக்கிறது? அவராக நிற்க வேண்டும். மொறுமொறுவென்று பொரித்த வெங்காயம் என்றால் அவருக்கு உயிர். அதைச் செய்வது என்று முடிவெடுத்தேன்.

பெரிய பம்பாய் வெங்காயம் சரிவராது, அதில் தண்ணீர் அதிகம். நம்முடைய சின்ன வெங்காயம்தான் வேண்டும். உரித்து, மெல்லிசாக அரிந்து முடிப்பதற்குள் கண்ணில் இருக்கிற தண்ணீர் எல்லாம் போய்விடும். தனியாக இருப்பவளுக்கு அதில் ஒரு வசதி, எதற்கு அழுகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அரிந்ததில் உப்புப் பிசறி வைத்தால் அதுவே தண்ணீர் விடும். அந்த ஈரத்தில்தான் அரிசி மா, கடலை மா, மிளகாய்த்தூள், இடித்த பெருஞ்சீரகம், கறிவேப்பிலை எல்லாம் போட்டுப் பிசற வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றினாலும் மொறுமொறுப்புப் போய்விடும்.

மாவுக்கும் கொஞ்சம் உப்புத் தேவை. போட்ட பிறகு, அவருடைய கட்டிலுக்கு விரிப்பு மாற்றவில்லையே என்று நினைவு வந்து ஓடினேன். அவர் உடுத்துகிற சாரத்தையும் எடுத்து மடித்து வைத்தேன். திரும்பி வந்தபோது மாவுக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று சந்தேகம். இன்னும் கொஞ்சம் போட்டேன். முதல் ஈட்டைப் பொரித்துத் தாச்சி எண்ணெயில் இருந்து எடுத்த பிறகுதான், யாரிடம் கொடுத்துப் பார்ப்பது என்ற கேள்வி வந்தது.

ஒரு துண்டைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனேன். உச்சமுனையில் இருந்து மீன் கொண்டுவந்து விற்கிற வேதக்காரத் தம்பி, பெட்டியை வெறுமையாக்கிக்கொண்டு சைக்கிளில் வந்தார். அவருக்கு நோன்பு இல்லையே என்று மறித்தேன்.

"தம்பி, இதைக் கடிச்சுப் பாத்து உப்புச் சரியாண்டு சொல்லுங்க."

"ஐயோ ராத்தா, நோன்பு பிடிச்ச ஆக்களுக்கு முன்னால நான் எப்பிடி வாய அசைக்கிறது?"

"நான்தானே தாறன்."

"வேணாம் ராத்தா. உங்கட கைக்குத் தெரியாத அளவா?" என்று சிரித்துவிட்டு மிதித்துப் போய்விட்டார். மரியாதை தெரிந்த பிள்ளை. அன்றைக்கு எனக்கு மரியாதை தெரியாத ஓர் ஆள்தான் தேவைப்பட்டது.

அந்தி மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் கணவர் வந்தார். கையில் ஒரு பையில் அப்பிள் பழம். கறுத்து மெலிந்திருந்தார். முன் கதிரையில் உட்கார்ந்துகொண்டு, சீமெந்து ஏற்ற வந்த லொறி பாலாவியில் நிற்கிறது, அதில்தான் வந்தேன் என்றார். லொறி எப்போது திரும்பும் என்று நான் கேட்கவில்லை.

பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழமும் கஞ்சியும் வைத்தேன். கடைசி ஈடு தாச்சியில் கிடந்ததால் நான் அடுப்படியிலேயே தண்ணீர் குடித்து நோன்பு திறந்தேன். வெங்காயத்தைச் சுடச்சுட ஒரு பீங்கான் தட்டு நிறையக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துவிட்டுத் தொழப் போனேன். தொழுதுவிட்டு வந்து பார்த்தால் பீங்கானில் தூள்கூட இல்லை.

"நல்லா இருந்திச்சி" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணம் முடித்த நாள் தொட்டு இந்த மனுசன் வாயில் இருந்து வராத வார்த்தை. குமரி மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய், எனக்கென்று எடுத்து வைத்திருந்ததில் ஒரு துண்டை வாயில் போட்டேன். உப்புக் கரித்தது. விழுங்க முடியாமல் துப்பினேன்.

முகாமில் கஞ்சிக்கு ஒரு விரல் உப்புக் கூடியதற்கு, "என்ன, உப்பளத்தை அள்ளிக் கொட்டினியா?" என்று பக்கத்துக் கொட்டில்களுக்கும் கேட்கச் சத்தம் போட்டவர் இவர். நானும் விடமாட்டேன். இரண்டு பேரும் ஏச்சுப்பட்டுத்தான் சோறு தின்போம். அந்த மனுசன் இப்போது இதை ஒரு பீங்கான் நிறையத் தின்றுவிட்டு நல்லது என்கிறார்.

முன்னால் போய் நின்றேன். "உப்பு இவ்வளவு கூடிப் போச்சே, ஏன் சொல்லல்ல?"

"அதுக்கென்ன. நீ நோன்போட மெனக்கெட்டுச் செஞ்சிரிக்காய்" என்றார், செருப்பைத் தேடிக்கொண்டு.

பிறத்தியார் வீட்டில்தான் நாம் அப்படி வாய் திறக்காமல் தின்போம்.

அவருடைய போன் அடித்தது. லொறிக்காரன். "வாறன், வாறன்" என்று சொல்லிக்கொண்டே வாசலில் இறங்கினார். நான் பின்னாலேயே போனேன்.

"இஞ்சாருங்க, உப்புக் கூடிட்டுண்டு ஒரு ஏச்சு ஏசிட்டாவது போங்களன்."

நான் பகிடி விடுவதாக நினைத்துக்கொண்டு சிரித்தார்.