இனிக்கிற மெசின்

அடுப்பில் கொதிப்பதைக் கிண்டும்போது ஹபீப் முகம்மது யாரோடும் பேச மாட்டார். கரண்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, கடற்பாசிச் சாறு நூலாக இறங்குகிறதா என்று பார்ப்பார். இறங்கினால் ஒரு "ம்". அடுத்து சர்க்கரை, அதற்கடுத்து கிளிசரின். நுரை தங்காமல் தகரத் தட்டில் ஊற்றிவிட்டு, ஈ உட்கார்ந்துவிடாதபடி விசிறியோடு காவல் நிற்பார். தெருவில் போகிறவர்கள் யார் வீட்டுக் கல்யாணமோ என்று மூக்கை நீட்டுவார்கள். கல்யாணமும் இல்லை, பலகாரமும் இல்லை. மலாயாவின் சுங்கைப் பட்டாணியில் ஜவுளிக்கடை மாடியில் நடக்கும் தையல் வடிவமைப்புப் பயிலகத்தின் நகல் எடுக்கும் இயந்திரம் அது.

ஊதா மைப் பென்சிலால் வரைந்த தாளை, தட்டில் உறைந்த அந்த அகார் அகார் பாசி மேல் கவிழ்த்து நீவினால், மை உள்ளே இறங்கிவிடும். அப்புறம் வெறுந்தாளை வைத்து வைத்து எடுக்க வேண்டியதுதான். ரவிக்கையின் முன்பாகம், பின்பாகம், கை, கழுத்து எல்லாம் அச்சு அசலாக ஏறி வரும். ஒரு நாள் போனால் மிச்ச மை அடியில் போய்விடும்; தட்டு அடுத்த படத்துக்குத் தயார். பயிலகத்தை நடத்தும் பிரேமாவதி டீச்சர் முதலில் பினாங்கிலிருந்து ஜெலட்டின்தான் வரவழைத்தார். ஹபீப் முகம்மது டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார். "எந்த எலும்போ, என்னா எலும்போ! நமக்கு எதுக்கு டீச்சர்? நம்ம அகார் அகார் இருக்குலா!" சோற்றுக்கடையில் அடுப்பு பார்த்த மனிதர், கடை மூடியபின் இங்கே நூலகராக வந்தார். நூலகம் என்பது இரண்டு அலமாரி. இயந்திரக்கூடம் என்பது இந்தத் தட்டு. இரண்டுக்கும் ராஜா அவர்தான்.

ராஜாவின் சட்டங்கள் பொல்லாதவை. புத்தகத்தை மாணவிகள் பார்க்கலாம். பக்கத்தைத் திருப்புவது அவர். தட்டை எட்ட நின்று பார்க்கலாம். "கை வச்சா பள்ளம் வுழும், பள்ளம் வுழுந்தா கோடு கோணும், கோடு கோணுனா உன் ரவிக்கையும் கோணும்!" எப்போதும் காதில் செருகியிருக்கும் அந்த ஊதாப் பென்சிலை இரவல் கேட்டுவிட்டால் போச்சு. "பென்சில கேக்குறதும் காத அறுத்துக் குடுன்னு கேக்குறதும் ஒண்ணுதான்" என்பார். பென்சில் முனையை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதி, உதடு நாவற்பழம் தின்ற நிறத்தில் நிற்கும். மாணவிகள் அவருக்கு வைத்த பெயர் ஊதா நானா, அதாவது ஊதா அண்ணன். தெரிந்தும் தெரியாதவர் போல் இருப்பார். உள்ளுக்குள் பெருமைதான்.

சிடாம் கிரிப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் டீச்சருக்கு இன்னொரு வகுப்பு உண்டு. பால்மரம் வெட்டிவிட்டு வரும் பெண்கள், மத்தியானம் பிள்ளைகளை உறங்கவைத்துவிட்டுத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வந்து உட்காருவார்கள். அவர்கள் டவுனுக்கு வர முடியாது. அவசரகாலம்; தோட்டத்தைச் சுற்றிய முள்கம்பியைத் தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும்; சீட்டு கிடைத்தாலும் ஊரடங்குக்குள் தோட்டத்துக்குத் திரும்பப் பேருந்து கிடையாது. ஆகவே வாரம் ஒருமுறை பள்ளி அவர்களிடம் போகும். டீச்சர் முன்னால், நானா பின்னால்.

முதல் தடவை டவுனிலேயே நகல் எடுத்துக் கட்டாகக் கொண்டுபோனார்கள். வாசல் காவலில் நின்ற அழகேசன் கட்டை அவிழ்த்ததும் முகம் வெளுத்துவிட்டார். ஊதா மை, கையெழுத்து, ஒரே மாதிரி முப்பது தாள். காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளின் துண்டறிக்கைகளும் அப்படித்தானே இருக்கின்றன! "ஐயோ டீச்சர், ஒரு தாள்னா பாடம். இம்புட்டுத் தாள்னா என் வேலை போயிரும்" என்று கட்டை ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டார். ரவிக்கைக் கழுத்துகள் அங்கே இன்னும் விசாரணையில் இருக்கின்றன.

அடுத்த வாரம் நானா ஒரே ஒரு தாளையும் தட்டையும் எடுத்துக்கொண்டு போனார். தட்டைத் திறந்து பார்த்த அழகேசன் சிரித்துக்கொண்டே வழிவிட்டார். உள்ளேயே, அதே சட்டங்களை ஓதிப் பெண்களை எட்ட நிற்கவைத்து நகல் எடுத்து, ஆளுக்கொரு தாள் கொடுத்து, டீச்சரும் நானாவும் வெற்றி வீரர்களாகத் திரும்பினார்கள். வாசலில் மறுபடி நிறுத்தினார் அழகேசன்.

"என்னா நானா, பலகாரத்த வெளிய கொண்டு போறீங்க? சாப்பாட்டுச் சாமான் ஒரு பருக்கை வெளிய போகக் கூடாதுன்னு ஆர்டர். காட்டுக்காரனுக்குப் போயிரும்."

"தம்பி, இது சாப்பாடு இல்ல. மெசின்."

"மெசினா? சக்கரம் எங்க? பிடி எங்க?"

சொல்லிக்கொண்டே விரலால் ஒரு கிள்ளு கிள்ளி வாயில் போட்டார் அழகேசன். கிளிசரினும் சர்க்கரையும் அவர் நாக்கில் தித்தித்தன. நாக்கு ஊதாவானது அவருக்குத் தெரியாது. "இனிக்குதே நானா! இனிக்கிற மெசின எங்க பாத்திருக்கீங்க?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. ஆர்டருக்குப் பயந்த மனிதர். தட்டைச் சாக்கடையில் கவிழ்த்து, தகரத்தை மரியாதையாகக் கையில் கொடுத்தார். பேருந்து டவுன் வந்து சேரும்வரை நானா காலித் தகரத்தை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே வந்தார். அவர் கண் கலங்கியிருந்ததை டீச்சர் பார்த்தும் பார்க்காதவர் போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாசி எந்தக் கடையிலும் கிடைக்கும். கிளிசரின்தான் கிடைக்காது. மருந்துச் சாமான் எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கும் காலம். மிச்சம் இருந்தது ஒரே புட்டி. அது ஒரு தட்டுக்குத்தான் காணும். அடுத்த மாதம் பினாங்கில் சான்றிதழ்ப் பரீட்சை; அதற்கு மட்டும் தோட்டத்து மேனேஜர் தொரை சீட்டு தருவதாகச் சொல்லியிருக்கிறார். வெட்டுப் படங்கள் மொத்தமும் கையில் இல்லாமல் தோட்டத்துப் பெண்கள் போய் உட்கார்ந்து என்ன செய்வது? பரீட்சையில் தேறினால் டவுன் ஜவுளிக்கடைகளிலிருந்து தைக்கிற வேலை வீட்டுக்கே வரும். இருட்டில் எழுந்து பால்வாளியோடு ஓட வேண்டாம். நவமணி என்ற இரண்டு பிள்ளைக்காரி அதை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

கடைசிப் புட்டியை ஊற்றிக் காய்ச்சிய தட்டோடு போன வியாழக்கிழமை நானா உள்ளே போனார். அன்றைய பாடம் முடிந்தது. இன்னும் ஏழெட்டுப் படம் பாக்கி. தட்டை எப்படி வெளியே கொண்டுபோவது என்று டீச்சர் ஒரு யோசனை, நானா ஒரு யோசனை. துணிமூட்டைக்குள் வைக்கலாமா? தொரையிடம் கடிதம் வாங்கலாமா? தாள்களைக் காயப்போட்டுக்கொண்டிருந்த நவமணி திரும்பிப் பார்த்தாள்.

"நானா, உள்ள வர்றதுக்கு யாரும் தடுக்கல. வெளிய போறதுக்குத்தானே தடை? இங்கயே வுட்டுட்டுப் போங்களேன். பள்ளிக்கூட அலமாரியில வச்சுப் பூட்டிக்கிறோம். ஆபீஸ் கிராணிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

நானாவுக்குச் சுருக்கென்றது. "என்னா வெளையாடுறியா? இத யாரு பாக்குறது?"

"நாந்தான்! மை கீழ எறங்குற வரைக்கும் ஈரத்துணி. காஞ்சா மறுபடி உருக்கணும், நுரை தங்கக் கூடாது. எட்ட நின்னு பாத்தது, நீங்க சொன்னதெல்லாம் மறக்குமா?"

டீச்சர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப டவுன் பிள்ளைங்களுக்கு, நானா?"

நானா தட்டைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். "அவுங்களுக்கு அலமாரி இருக்கு, வெளக்கு இருக்கு, புத்தகத்தப் பாத்து வரையட்டும். கை என்னா தேஞ்சா போயிரும்?" என்று எரிந்து விழுந்தார். யார்மேல் கோபம் என்று அவருக்கே தெரியாது. பிறகு நவமணியிடம், "கை வச்சா பள்ளம் வுழும்" என்று ஆரம்பித்தார்.

"கோடு கோணும்" என்றாள் நவமணி.

"ரவிக்கையும் கோணும்!" என்று பெண்கள் அத்தனை பேரும் முடித்தார்கள். நானாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாசற்படிவரை போனவர், எதையோ மறந்தவர் போல் திரும்பி வந்து தட்டருகே ஒரு நிமிடம் குனிந்துவிட்டுப் போனார்.

முள்கம்பி வாசலில் அழகேசன் பையை உதறிப் பார்த்தார். டீச்சரின் தாள் ஒன்று, வெறும் பை ஒன்று. "என்னா நானா, இன்னிக்கு மெசின் வரலியா?"

"அது அங்க வேலையா இருக்கு தம்பி."

அழகேசன் வருகைப் பதிவை நீட்டி, வெளியே போகிற நேரத்துக்குக் கையெழுத்துப் போடச் சொன்னார். நானாவின் கை பழக்கத்தில் காதுக்குப் போனது. பென்சில் அங்கே இல்லை. பள்ளிக்கூடத்தில், ஈரத்துணி போர்த்திய தட்டின் பக்கத்தில் கிடந்தது. வெறும் காதை இரண்டு விரலால் ஒருமுறை நீவிவிட்டு, அழகேசனிடம் கையை நீட்டினார்: "ஒரு பென்சில் இரவல் குடு தம்பி."