ஒரே தலையை மூன்று முறை எண்ணியது

குழந்தை பிறந்து ஒன்பது மாதம் கழித்து எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. திருப்பதி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் சின்ன லாட்ஜ். அதன் இணையதளம் தேடலில் மேலே வர வேண்டும். அதற்காக மக்கள் எந்தெந்தச் சொற்களைத் தட்டித் தேடுகிறார்கள் என்று பார்த்து, அவற்றுக்கு ஏற்ற பக்கங்களை எழுதித் தர வேண்டும். சித்தூரில் படிப்பை முடித்து, கல்யாணத்துக்கு முன் சென்னையில் இரண்டு வருடம் செய்த வேலைதான். ஆனாலும் நடுவில் விட்டுப்போன ஒன்றரை வருடத்தில் எல்லாம் மறந்திருக்குமோ என்ற பயம் எனக்குள் இருந்தது. கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று முறை தொட்டுப் பார்த்துவிட்டுத் தூங்குகிறவள் நான்.

முதலாளி நகரிப் பக்கத்துத் தமிழர். பக்கங்களைப் பற்றிப் பேசி முடித்ததும் வேறொன்று கேட்டார். கீழ்த்தளத்தில் அடுத்தடுத்து இரண்டு அறைகள். நடுச்சுவரை இடித்து, வரிசையாகக் கட்டில் போட்டு டார்மிட்டரி ஆக்கலாமா என்று அவருக்கு யோசனை.

"நெட்டுல ஜனங்க எத ஜாஸ்தியா தேடறாங்கன்னு பாத்து சொல்லும்மா. அத வெச்சிதான் செவுத்துல கை வெக்கறது."

அந்த இரண்டு அறைகளைப் பற்றி எனக்குத் தெரியும். ரிசப்ஷனில் உட்காரும் அக்கா, கைக்குழந்தைக்கு முதல் மொட்டை போட வருகிறவர்களுக்கென்றே அவற்றை வைத்திருப்பார். படி ஏற வேண்டாம். மூலையில் ஒரு கரண்ட் அடுப்பு இருக்கும், வெந்நீர் வைத்துக்கொள்ளலாம். மலையில் மொட்டை போட்டுவிட்டு, தலையில் சந்தனத்தோடு அழும் குழந்தைகளை அங்கே கொண்டுவந்துதான் தூங்க வைப்பார்கள்.

மத்தியானம் மகள் தூளியில் தூங்கும் நேரம்தான் என் அலுவலக நேரம். ஒரு காலால் தூளியை ஆட்டிக்கொண்டே தேடல் எண்ணிக்கை காட்டும் டூலைத் திறந்தேன். திருப்பதி டார்மிட்டரி, திருப்பதியில் டார்மிட்டரி ரூம், டார்மிட்டரி படுக்கை திருப்பதி என்று மூன்று விதமாகக் கொடுத்தேன். மூன்றுக்கும் பெரிய எண் வந்தது. கூட்டினேன். குழந்தையோடு தங்க அறை, மொட்டை போட்டபின் தங்க அறை என்று கொடுத்தால் எண்ணுக்குப் பதில் ஒரு சின்னக் கோடு மட்டும் வந்தது. அப்படியென்றால் யாரும் தேடவில்லை என்று எழுதி, வரைபடம் போட்டு, ஒரே பக்க அறிக்கையாக அனுப்பிவிட்டேன். முதலாளிக்கு ரொம்ப சந்தோஷம். திங்கட்கிழமைக்கு மேஸ்திரியை வரச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் வழக்கம்போல் அனுப்பியதையே திரும்பப் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. மூன்று சொற்களுக்கும் கடைசி இலக்கம் வரை ஒரே எண். மாதவாரியாகப் பார்த்தால் ஏறுவதும் இறங்குவதும்கூட மூன்றுக்கும் அச்சு அசலாக ஒன்று. மூன்று தனித்தனிக் கூட்டம் அப்படி ஏறி இறங்காது. ஒரே பொருள் தரும் சொற்களை டூல் ஒரே கூடையில் போட்டு, கூடையின் மொத்த எண்ணை ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதிவிடுகிறது. சென்னையில் முதல் வாரமே இதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் ஒரே கூட்டத்தை மூன்று முறை எண்ணியிருக்கிறேன்.

அத்தோடு போகவில்லை. அந்த எண்ணே ஓர் உத்தேசம்தான், வருடம் முழுவதற்குமான சராசரி. மலைமேலே கோயிலில் தங்க இடம் கிடைக்குமா என்று தேடுகிறவர்களும் அதற்குள் இருப்பார்கள். அவர்கள் எங்கள் சந்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கப் போவதில்லை. குழந்தை அறைக்கு வந்த கோட்டுக்கும் ஆளே இல்லை என்று அர்த்தமில்லை. அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே தட்டியவர்கள் எண்ணிச் சொல்லுமளவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

என் கணவர் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் சொன்னேன். எல்லாரும் உத்தேசமாகத்தானே சொல்கிறார்கள், யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள், சொன்னால் இருக்கிற வேலையும் போகும் என்றார். என்மேல் இருந்த அக்கறையில் சொன்னதுதான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது, சுவர் ஞாபகம் வரும்வரை.

ஞாயிற்றுக்கிழமை காலை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். முதலாளி இன்னும் வரவில்லை. ரிசப்ஷன் அக்கா என் முகத்தைப் பார்த்ததுமே மகளை வாங்கிக்கொண்டார்.

"இன்னா கண்ணு, மூஞ்சி இப்டி கீது? காலீல எதுனா துன்னியா இல்லியா?"

விஷயத்தைச் சொன்னேன். டூலில் குழந்தை அறைக்கு ஒருவரும் இல்லை என்று வந்ததையும் சொன்னேன். அக்கா சிரித்தார்.

"வெந்நி கெடைக்குமா, கொயந்தய குளிப்பாட்ட எடம் கீதான்னு எனக்கு போன் பண்ணிக்கினே கீறாங்க. உன் மிஷினுக்கு யாரும் பண்ல போல."

மேசைக்கு அடியிலிருந்து ஒரு கம்பியை எடுத்தார். அதில் கிழித்த நாட்காட்டித் தாள்கள் குத்தியிருந்தன. சாயந்திரம் முதலாளி கேட்டால் மறந்துவிடும் என்று, அன்றன்று போனில் யார் என்ன கேட்டார்கள் என்பதைத் தாளின் பின்பக்கம் தெலுங்கில் ஒரு வார்த்தையும் ஒரு கோடுமாகக் குறித்துவைப்பது அவர் பழக்கம். டார்மிட்டரிக்கும் கோடுகள் இருந்தன. ஆனால் 'பாப', 'வேடி நீள்ளு', அதாவது குழந்தை, வெந்நீர் என்ற வார்த்தைகளுக்கு எதிரில் கோடு இல்லாத தாள் அபூர்வம்.

போனிலேயே இணையதளத்தின் சொந்தக் கணக்கைத் திறந்தேன். டூல் ஊருக்கெல்லாம் சேர்த்து உத்தேசம் சொல்கிறது. இது, யார் என்ன தட்டியபோது நம் பக்கம் அவர்கள் கண்ணில் பட்டது என்பதை மட்டும் சொல்கிறது. முதலில் இதையல்லவா பார்த்திருக்க வேண்டும்! அங்கே குழந்தை, மொட்டை, வெந்நீர் என்று நூறு விதமாகக் கேட்டிருந்தார்கள். தமிழில், தெலுங்கில், ஆங்கிலத்தில். ஒவ்வொன்றும் ஒரு தடவை, இரண்டு தடவை. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. சேர்த்துப் பார்த்தால் அக்காவின் கம்பி மாதிரியே இருந்தது.

முதலாளி வந்து உட்காருவதற்குள் சொல்லிவிட்டேன். உட்கார்ந்துவிட்டால் எனக்குத் தைரியம் போய்விடும். அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒரே தலைய மூணு தபா எண்ணிக்கினு வந்து நிக்கிறியா? நல்ல வேள, மலைல மொட்ட அடிக்கற எடத்துல உனுக்கு வேல இல்ல."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"சரி, நாளைக்கு ஒடைச்சிருந்தா செவுரு திரும்பி வராது. முன்னாடியே சொல்லிட்ட. இப்ப இன்னா பண்லாம், அத சொல்லு."

அந்த வார்த்தைக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன். எனக்கு உறுதியாகத் தெரியாது என்றேன். மூன்றால் வகுத்தாலும் டார்மிட்டரிதான் அதிகமாக இருக்கலாம். இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் எழுதுகிறேன், போன் செய்கிறவர்களிடம் எங்கே பார்த்தீர்கள் என்று அக்கா கேட்கட்டும், ஒரு மாதம் கழித்து முடிவு செய்யலாம் என்றேன். அவர் அங்கேயே மேஸ்திரிக்குப் போன் போட்டு, நாளைக்கு வர வேண்டாம் என்று தெலுங்கில் சொன்னார். பிறகு யோசித்து, வரச் சொன்னார். கீழ் அறைக் குளியலறையில் வெந்நீர்க் குழாய் ஒழுகுகிறதாம்.

அந்த ஒரு மாதத்தில் டார்மிட்டரிப் பக்கத்தை நிறையப் பேர் பார்த்தார்கள், கூப்பிட்டவர்கள் குறைவு. குழந்தைப் பக்கத்தைப் பார்த்தவர்களே குறைவு, ஆனால் பார்த்தவர்களில் பெரும்பாலோர் கூப்பிட்டார்கள். சுவர் அப்படியே நிற்கிறது. இதில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. நான் பயந்த அளவுக்கு யாரும் என்னிடம் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. அது மட்டும் நன்றாகத் தெரியும். இப்போது எந்த அறிக்கையிலும் எண்ணுக்குக் கீழே, இது எங்கிருந்து வந்தது, எங்கே தவறலாம் என்று இரண்டு வரி எழுதுகிறேன். முதலாளி அந்த இரண்டு வரியைத்தான் முதலில் படிக்கிறார் என்று அக்கா சொன்னார்.

சோதித்துப் பார்த்த அந்த மாதத்தின் இரண்டாம் நாளே அக்கா ஒரு நாட்காட்டித் தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். 'பாப, வேடி நீள்ளு, நெட்லோ சூசாரு' என்று எழுதி, பக்கத்தில் ஒரே ஒரு கோடு. இணையத்தில் பார்த்துவிட்டுக் கூப்பிட்ட முதல் ஆள். படத்துக்குக் கீழே குரல் பதிவு ஒன்றும் இருந்தது.

"கண்ணு, இது ஒரு தலதான். மூணா எழுதிக்காத."