உயர வரிசை

போன வியாழக்கிழமை வடசேரியில் கருப்பட்டி வாங்கப் போனேன். கடைக்காரர் ஓலைக் கொட்டானைப் பிரித்ததும் சுக்கு வாசம் மூக்கில் ஏறியது. எத்தனை கிலோ என்று சொல்ல வந்தவள் குனிந்து மறுபடி முகர்ந்தேன்.

"என்ன டீச்சர், பழசுன்னு நெனச்சியளா? இன்னைக்கு வந்ததாக்கும்" என்றார் அவர்.

பழையது கருப்பட்டி இல்லை, அந்த வாசம் கிளப்பிய நினைவு. அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. திருச்சபை நடத்திய ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஞாயிறு ஆராதனையில் ஆர்மோனியம் வாசிக்கிறவள் என்று யாரோ சொல்லப்போக, பாடகர் குழுவையும் என் தலையில் கட்டினார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. எதையும் வரிசையாக அடுக்குவதில் எனக்கு ஆசை அதிகம். இன்றும் என் வீட்டில் சாவிகள் நீளப்படிதான் தொங்குகின்றன. சிரித்துக்கொள்ளுங்கள்.

பெண்பிள்ளைகள் சேர்ந்து பாடும்போது இரண்டு குரல் பிரிப்போம். மெட்டை மேலே பாடுவது சோப்ரானோ, அதற்குக் கீழே கூடவே வருவது ஆல்டோ. யாருக்கு எது என்று அறிய, ஒவ்வொருத்தியையும் தனியே பாடவைத்துக் குரல் எட்டுகிற இடத்தைப் பார்க்க வேண்டும். இருபத்து நான்கு பேர். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் மொத்தம் இரண்டு மணி நேரம். நான் அதைச் செய்யவில்லை. மேடையில் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று உயரப்படி நிறுத்தினேன். குட்டையானவர்கள் முன்வரிசை, சோப்ரானோ. நெட்டையானவர்கள் பின்வரிசை, ஆல்டோ. நோட்டில் அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டுப் பெயர்களை எழுதினேன்.

முன்வரிசையில் நான்காவது கட்டம் ஸ்டெல்லா. ஒன்பதாம் வகுப்பு. மெட்டு மேலே ஏறும் இடத்தில் அவள் குரல் மட்டும் சரிந்து இறங்கியது. மூன்று நாள் கையை உயர்த்தி உயர்த்திக் காட்டினேன். நான்காம் நாள் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்:

"மக்கா ஸ்டெல்லா, நீ வாய மட்டும் அசச்சாப் போதும். சத்தம் வரப்பிடாது."

தலையாட்டினாள்.

பயிற்சி முடிந்ததும் தொண்டைக்காக ஆளுக்கொரு துண்டு சுக்குக் கருப்பட்டி கொடுப்பேன். தொண்டைக்கு அது நல்லதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று ஸ்டெல்லா கை நீட்டியபோது பின்வரிசைப் பெண் ஒருத்தி, "ஏட்டி, பாடாத தொண்டைக்கு என்னத்துக்குட்டி கருப்பட்டி?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஸ்டெல்லா துண்டைத் திரும்ப டப்பாவில் வைத்துவிட்டு விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பள்ளிகளுக்கு இடையிலான பாட்டுப் போட்டிக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அந்த ஐந்து வாரமும் அவள் கை நீட்டவில்லை, குழுவை விட்டும் போகவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

போட்டி நாளில் காரணம் தெரிந்தது. எங்களுக்கு முதல் பரிசு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளுடைய அப்பா வந்தார். துபாயில் வெல்டர்.

"இதக் கேக்கதுக்குத்தான் டிக்கெட்ட மாத்திப் போட்டேன் டீச்சர். அத்தன பிள்ளையளு பாடியும் எம் மொவ சத்தம் தனியாட்டு கேட்டுது, கேட்டியளா!"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள்.

"ஆமா, நல்லாப் பாடுனா" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்காகச் சொன்ன பொய் என்று வெகுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர் பைக்கில் முன்னே போய்விட்டார். திரும்பும் வேனில் பிள்ளைகள் அதே பாட்டை மறுபடி எடுத்தார்கள். யாரும் வரிசையில் இல்லை. இஷ்டம்போல் உட்கார்ந்திருந்தார்கள். பின்சீட்டிலிருந்து தாழ்ந்த குரல் ஒன்று ஆல்டோவை அசையாமல் பிடித்துக்கொண்டு வந்தது. இத்தனை நாளில் என் குழுவில் நான் கேட்காத குரல். திரும்பினேன். நெட்டைப் பெண்கள் இருவருக்கு நடுவில் ஸ்டெல்லா. அவளுக்குச் சுருதி தெரியாமல் இல்லை. ஆள் குட்டை, குரல் கனம், அவ்வளவுதான். என்னைக் கண்டதும் வாயை மூடினாள்.

'பாடு' என்று ஒரு சொல் போதும். சொன்னால் நான் நிறுத்திய வரிசை தப்பு என்று அத்தனை பேர் முன்னாலும் ஆகிவிடும். கோப்பை என் மடியில் இருந்தது. முன்னால் திரும்பிக்கொண்டேன். அன்றைய நாட்குறிப்பில் 'இருபத்து நான்கு பேர் பாடினார்கள்; முதல் பரிசு' என்று என் கையெழுத்தில் இருக்கிறது.

அடுத்த ஆண்டு ஒவ்வொருத்தியையும் தனியே பாடவைத்துத்தான் குரல் பிரித்தேன். ஸ்டெல்லா பெயர் கொடுக்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. பத்தாம் வகுப்பு முடிந்து போய்விட்டாள்.

இப்போது அந்தப் பள்ளியில் பாடகர் குழு இல்லை. ஆண்டு விழாவில் பென்டிரைவ் பாடுகிறது. நாங்கள் பாடிய அறையில் கணினிகள் இருக்கின்றன. ஸ்டெல்லாவின் அப்பா இரண்டு வருடம் முன்பு தவறிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். மேடையில் மகள் பாடி அவர் கேட்டதே இல்லை. கேட்டதாகவே நம்பிப் போய்விட்டார்.