அப்பா வெட்டாத காய்

சும்மா உட்காரு என்று யாராவது சொன்னால் இந்த வயதிலும் எனக்கு உள்ளங்கால் அரிக்கும். எட்டு வயதில் கேட்க வேண்டுமா? அப்போதுதான் என்னைச் சாந்தோமில் எங்கள் வீட்டுக்குள் போட்டு, வாசலைத் தாண்டாதே என்றார்கள்.

சொன்னவர் அப்பா. காரணம் ஜப்பான்காரன். சிங்கப்பூர் அவன் கைக்குப் போய்விட்டது, அடுத்தது மதராஸ்தான், எந்த நேரமும் குண்டு விழும் என்று ஊரே பேசியது. ஈஸ்டர் முடிந்த வாரம் எங்கள் தெரு மூட்டை கட்டியது. எதிர்வீட்டார் திருச்சிக்குப் போனார்கள், பக்கத்து வீட்டார் கோழிக்கூண்டையும் ஜட்காவில் ஏற்றிக்கொண்டு கும்பகோணம் போனார்கள். என்னோடு பாண்டி ஆடியவர்கள், ஓடிப்பிடித்தவர்கள், முடியைப் பிடித்துச் சண்டை போட்டவர்கள் ஒருவர் பாக்கியில்லை. பள்ளிக்கூடமும் மூடியாயிற்று. கடற்கரைப் பக்கம் தலைகாட்டக் கூடாது. சன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. நான் கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

நாங்கள் மட்டும் போகவில்லை. அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். அண்ணன் இன்டர்மீடியட் முடித்த கையோடு ராணுவத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தான். அப்போதே அம்மா வேண்டாம் என்று அழுதாள். பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா, வயசுப் பிள்ளை நாலு ஊர் பார்க்கட்டும் என்றார். கப்பல் ஏறி அவன் பார்க்கப் போன ஊர் சிங்கப்பூர். அது விழுந்த நாளிலிருந்து அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. அந்த நாளிலிருந்து அம்மாவும் அப்பாவோடு பேசுவதில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால், பிள்ளை வந்து தட்டும்போது கதவை யார் திறப்பது என்று கேட்டாள். அதையும் அப்பாவிடம் கேட்கவில்லை. என்னிடம் சொல்லி, அப்பாவிடம் கேட்கச் சொன்னாள்.

இப்படியாகத் தூது போகிற உத்தியோகம் எனக்கு வாய்த்தது. "உங்கம்மாகிட்ட குடிக்கத் தண்ணி கேளு" என்பார் அப்பா. அம்மா இரண்டடி தள்ளி அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். நான் போய்ச் சொன்ன பிறகுதான் அவள் காதில் விழும். "பானையிலே இருக்குன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்பாள். நான் திரும்பி வருவதற்குள் அப்பா எழுந்து போய்க் குடித்துக்கொண்டிருப்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஓடுவதற்குக் கால் துடிக்கிற பிள்ளையை இரண்டடி தூரத்துக்குள் ஓடவிட்டால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

கொல்லைக் கதவோரம் உட்கார்ந்து மீன் விற்கும் குப்பத்து அம்மாள்தான் ஒரு நாள் என்னை உற்றுப் பார்த்தாள்.

"இன்னாம்மா, பொண்ணு இப்டி குதிச்சிக்கினு கீது? வெளாட ஆள் இல்லியா?"

"தெருவிலே யாரு இருக்கா?" என்றாள் அம்மா.

"வூட்ல நீங்க ரெண்டு பேரும் கீறீங்களே. அத்த குந்தவச்சி எதுனா ஆடுங்க. இல்லாங்காட்டி அது செவுரு ஏறிப் பூடும்."

அம்மா மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். எனக்கோ தாயக்கட்டை ஞாபகம் வந்துவிட்டது.

சிலுவையடியில் சேவகர்கள் ஆண்டவருடைய அங்கிக்குச் சீட்டுப் போட்டார்கள் அல்லவா, அதனால் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் முழுக்க எங்கள் வீட்டில் உருட்டி ஆடுகிற ஆட்டம் கிடையாது. தபசு தொடங்கும் சாம்பல் புதனன்று அப்பா தாயக்கட்டையை எடுத்து, அலமாரியில் மாதா படத்துக்குப் பின்னால் வைத்துவிடுவார். ஈஸ்டரன்று அவரே எடுத்துக் கொடுப்பார். அந்த வருஷம் கொடுக்கவில்லை. நாற்காலி போட்டு நானே எடுத்தேன்.

பிறகு என் உத்தியோகத்தைப் பார்த்தேன். அப்பாவிடம் போய், "அம்மா தாயம் ஆடக் கூப்பிடறாங்க" என்றேன். அம்மாவிடம் போய், "அப்பா தாயம் ஆடக் கூப்பிடறார்" என்றேன். இத்தனை நாள் இரண்டு பேர் சொன்னதையும் சுமந்தவள், ஒரு நாள் என் சரக்கைச் சேர்த்துக் கொண்டுபோனால் என்ன? அப்பா, "அவளா கூப்பிட்டா?" என்று இரண்டு தடவை கேட்டார். எழுந்து முகம் கழுவி, சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். தாயம் ஆட எதற்குச் சட்டை என்று நான் அதிசயப்பட்டேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

கூடத்துத் தரையில் கட்டம் வரைந்தேன். எங்கள் வீட்டில் ஆளுக்கொரு காய் உண்டு. அப்பாவுக்குச் சோக்குத் துண்டு, அம்மாவுக்குப் புளியங்கொட்டை, எனக்கு வளையல் துண்டு. நாலாவது பக்கம் மொட்டையாக இருந்தது. பழக்கதோஷத்தில் அண்ணனுடைய சட்டைப் பொத்தான்களை எடுத்து அங்கே வைத்தேன். அப்பா எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மா பொத்தான்களைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, அவனுக்கும் சேர்த்து உருட்ட ஆரம்பித்தாள்.

முதலில் கட்டை உருளும் சத்தம்தான் கேட்டது. ஆனால் தாயத்தில் வாயைத் திறக்காமல் தப்பிக்க முடியாது, விழுந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். "ஆறு" என்றார் அப்பா. "அஞ்சு" என்றாள் அம்மா. நான் வீசிய வீச்சில் ஒரு கட்டை பெஞ்சுக்கடியில் ஓடிவிட்டது. தவழ்ந்து போய்ப் பார்த்து, பன்னிரண்டு என்று அறிவித்தேன். அப்பா தானும் குனிந்து பார்த்து, "ரெண்டு" என்றார். அம்மா சிரித்துவிட்டாள். சிரித்ததும் தப்புச் செய்தவள்போல வாயைப் பொத்திக்கொண்டாள்.

எங்கள் ஆட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. அடுத்தவர் காய் ஒன்றையாவது வெட்டாதவர் உள்சுற்றுக்குள் நுழைய முடியாது, வெளியிலேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். வெட்டுப்பட்ட காய் சொந்தக்காரர் கைக்குத் திரும்பிவிடும். அப்பா இன்னும் ஒன்றையும் வெட்டவில்லை. அவருடைய சோக்குத் துண்டுக்கு மூன்று கட்டம் முன்னால் அண்ணனுடைய பொத்தான் ஒன்று காப்பில்லாத கட்டத்தில் தனியாக நின்றது. அப்பாவுக்கு மூன்று விழுந்தது. அவர் வேறொரு காயை நகர்த்தினார்.

கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று விட்டேன். அடுத்த முறையும் மூன்று விழுந்தது. அப்போதும் வேறு காயைத்தான் நகர்த்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அழுகுணி ஆட்டம். என் காய்னா கண்ணை மூடிக்கிட்டு வெட்டுவீங்க. அண்ணன் காய்னா மட்டும் விட்டுடுவீங்க."

"நான் பார்க்கலைம்மா" என்றார் அப்பா.

"பார்த்தீங்க. கையைக் கொண்டுபோயிட்டு எடுத்தீங்க. உங்களுக்கு எப்பவும் அண்ணன்தான் ஒசத்தி."

அப்பா கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானோ நியாயம் கேட்டு முழங்காலால் தரையை இடித்துக்கொண்டிருந்தேன். அப்போது அம்மா பேசினாள். நான் வழக்கம்போலத் தூது போக எழுந்தேன், ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை. நேராக அவரிடம் பேசினாள்.

"வெட்டுங்க. வெட்டினா எங்கிட்டதானே வரப்போறான்."

அப்பா சோக்குத் துண்டை அந்தக் கட்டத்தில் வைத்து, பொத்தானை எடுத்தார். அம்மா கையை நீட்டினாள். அவர் அதை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, தன் கையை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

"போகாதேன்னு நான் சொல்லியிருக்கணும்" என்றார்.

"நீங்க சொன்னா மட்டும் கேட்டிருப்பானா?" என்றாள் அம்மா.

இதெல்லாம் ஆட்டத்துக்கு நடுவில் பேசுகிற பேச்சா? எனக்குப் பொறுக்கவில்லை. "உருட்டும்மா, தாயம் விழுந்தாத்தான் அண்ணன் மறுபடி இறங்க முடியும்" என்று நச்சரித்தேன்.

அம்மா விரல்களை மூடிக்கொண்டாள். "இருக்கட்டும்டி. கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கட்டும்" என்றாள். பிறகு எழுந்து அடுக்களைக்குப் போனாள். அப்பா பின்னாலேயே போனார். அவர்கள் பேசுவது கேட்டது, அழுவதும் கேட்டது. அடுப்பை மறுபடி மூட்டுகிற சத்தமும் வந்தது. என்னை யாரும் எதையும் போய்ச் சொல்லச் சொல்லவில்லை.

ஆட்டத்தை முடிக்காமல் எழுந்து போகிறவர்கள் தோற்றவர்கள் என்பது எங்கள் தெருப் பிள்ளைகளின் சட்டம். அந்தக் கணக்கில் அப்பா, அம்மா, அண்ணன் மூவரும் என்னிடம் தோற்றுப் போயிருந்தார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இதை உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று, அப்பா சொன்னதையும் மறந்து வாசலைத் தாண்டி ஓடினேன். தெருவில் ஒருவரும் இல்லை.